மறுமொழி சொல்லப் பழக்குதல்: தொடக்கநிலை மாணவர்களுக்கு விவாதம் கற்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நம் பள்ளிகளில் மேடையேறிப் பேசும் மாணவர்களுக்குக் குறைவில்லை. ஆசிரியரோ பெற்றோரோ எழுதிக் கொடுத்த மூன்று பக்கத்தை ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம் செய்து, உரிய இடத்தில் கையை உயர்த்தி, உரிய இடத்தில் குரலைத் தாழ்த்திப் பரிசு வாங்கும் பிள்ளைகளை ஒவ்வோர் இலக்கிய மன்ற விழாவிலும் பார்க்கிறோம். அதே பிள்ளையிடம், "நீ சொன்ன இரண்டாவது கருத்தை நான் ஏற்கவில்லை, அது ஏன் சரி என்று விளக்கு" என்று கேட்டால், பெரும்பாலும் மனப்பாடப் பத்தியையே முதலிலிருந்து மீண்டும் தொடங்குவார். பேச்சுப்போட்டிக்கும் விவாதத்துக்கும் உள்ள இடைவெளி இங்கேதான் இருக்கிறது. விவாதத்தில் ஏறத்தாழப் பாதி நேரம் இன்னொருவர் சொன்னதற்குப் பதில் சொல்வதில் கழிகிறது. அந்தப் பதிலை வீட்டிலிருந்து எழுதிக்கொண்டு வர இயலாது.

வள்ளுவர் அவையஞ்சாமை அதிகாரத்தில், 'ஆற்றின் அளவறிந்து கற்க அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு' என்கிறார் (குறள் 725). மாற்றம் என்பதற்கு இங்கே மறுமொழி என்று பொருள். 'அளவு' என்ற சொல்லுக்குப் பரிமேலழகர் அளவை நூல், அதாவது தருக்கம், என்று பொருள் கொள்கிறார். அவையில் அஞ்சாமல் மறுமொழி கொடுப்பதற்காகவே தருக்கம் கற்க வேண்டும் என்ற இந்த வரிசையை நான் பாடத்திட்டமாகவே எடுத்துக்கொள்கிறேன். முதலில் காரணம் சொல்லப் பழக்க வேண்டும், பிறகு கேட்கப் பழக்க வேண்டும், அதன் பிறகு மறுமொழி. மேடை நடை, குரல் ஏற்ற இறக்கம் ஆகியவை கடைசியில் வந்தால் போதும்.

பின்வரும் முறை எட்டு, ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கானது. வாரத்துக்கு 45 நிமிடப் பாடவேளை ஒன்று, ஏறத்தாழ எட்டு வாரம், வகுப்பில் 35 முதல் 40 பேர் என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் முடிவு செய்ய வேண்டியவை

முதலில் மொழி. மாணவர் வீட்டில் பேசும் தமிழுக்கும் மேடைத் தமிழுக்கும் இடையே பெரிய தொலைவு இருக்கிறது. புதிதாகச் சிந்திக்கவும், சிந்தித்ததை எழுத்து வழக்கில் சொல்லவும் ஒரே நேரத்தில் கேட்டால், தொடக்கநிலை மாணவர் இரண்டாவதைக் காப்பாற்றிக்கொண்டு முதலாவதைக் கைவிட்டுவிடுவார். ஏனெனில் பிழையான சொல்லுக்குத்தான் வகுப்பு சிரிக்கும், பிழையான காரணத்துக்குச் சிரிப்பதில்லை. ஆகவே முதல் நான்கு வாரம் பேச்சு வழக்கிலேயே, அவரவர் வட்டாரத் தமிழிலேயே வாதிடட்டும். ஐந்தாம் வாரத்திலிருந்து தொடக்க உரையை மட்டும் எழுத்துத் தமிழில் கேட்கலாம். மறுமொழிக்குச் சற்றுக் கூடுதல் காலம் கொடுக்க வேண்டும். தமிழாசிரியர் சிலருக்கு இது உவப்பாக இராது. எனக்கும் தொடக்கத்தில் உவப்பாக இருக்கவில்லை. ஆனால் வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள், "அது எப்படி சார் சரியாகும்?" என்று எழுந்து நின்றதை இந்த விதிக்குப் பிறகுதான் பார்த்தேன்.

அடுத்தது வணக்கம். அன்னைத் தமிழை வணங்கி, அவைத்தலைவரை வணங்கி, நடுவரை வணங்கி, எதிரணியையும் எதிரே அமர்ந்திருப்போரையும் வணங்கி முடிப்பதற்குள் மூன்று நிமிட உரையில் முக்கால் நிமிடம் போய்விடும். 'அவையோருக்கு வணக்கம்' என்ற ஒரே தொடருடன் நிறுத்திக்கொள்வது என்று முதல் நாளே விதி செய்துவிடுங்கள்.

மூன்றாவது தலைப்பு. நல்ல விவாதத் தலைப்பு ஒரு முடிவைப் பற்றியதாக இருக்கும்: யார், எதை, செய்ய வேண்டுமா கூடாதா என்பது அதில் தெளிவாகத் தெரியும். 'அறிவியல் ஆக்கமா, அழிவா?' என்ற தலைப்பில் ஒருவரும் எதையும் முடிவு செய்ய வேண்டியதில்லை. இரு அணியும் தத்தம் பட்டியலை ஒப்பித்துவிட்டு அமர்ந்துவிடலாம். 'நம் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை வீட்டுப்பாடத்தை நிறுத்த வேண்டும்' என்பதில் அவ்வாறு தப்பிக்க வழியில்லை. பட்டிமன்றத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு முதல் வகைத் தலைப்புதான் இயல்பாகத் தோன்றும். பட்டிமன்றம் தனக்கே உரிய சுவையுள்ள மேடைக்கலை. நடுவரின் நகைச்சுவையும் இறுதியில் அவர் இரு தரப்பையும் இணைத்துச் சொல்லும் தீர்ப்பும் அதன் அழகு. ஆனால் 'இரண்டுமே வேண்டும்' என்று முடியும் தீர்ப்பு, காரணங்களை எடைபோடக் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு உதவாது.

தொடக்கத்துக்கு ஏற்றவை மாணவர் தம் கண்ணால் பார்த்த செய்திகளே: பள்ளிச் சீருடை, வகுப்பில் கைப்பேசி, விளையாட்டுப் பாடவேளையைப் பிற பாடங்களுக்கு எடுத்துக்கொள்ளுதல், வகுப்புத் தலைவரைத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்தல். சாதி, மதம், கட்சி, நடிகர் ஆகியவற்றைத் தொடும் தலைப்புகளைத் தவிர்த்துவிடுங்கள். வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையின் வீட்டு நிலைமையே விவாதப் பொருளாகிவிடக் கூடிய தலைப்புகளையும், அவை எவ்வளவு முற்போக்காகத் தோன்றினாலும், தவிர்ப்பது நல்லது.

முதல் வாரம்: 'ஏனென்றால்'

முதல் நாள் அணியும் வேண்டாம், மேடையும் வேண்டாம். கரும்பலகையில் 'வீட்டுப்பாடம் வேண்டாம்' என்று எழுதுங்கள். ஒப்புக்கொள்வோர் இடப்புறச் சுவர் ஓரம், ஒப்பாதோர் வலப்புறச் சுவர் ஓரம் நிற்க வேண்டும். நடுவில் நிற்க அனுமதி இல்லை. வகுப்பறையில் இடமில்லையென்றால் ஒரு தரப்பு எழுந்து நிற்கட்டும், மறு தரப்பு அமர்ந்திருக்கட்டும். ஏறத்தாழ எல்லாரும் ஒரே பக்கம் போய்விட்டால் (வீட்டுப்பாடத் தலைப்பில் அப்படித்தான் நடக்கும்) ஆசிரியர் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்ள வேண்டும்.

பிறகு ஒவ்வொருவராக 'ஏனென்றால்' என்று தொடங்கி ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். இரண்டு வாக்கியம் சொன்னால் நிறுத்திவிடுங்கள். முன்பு ஒருவர் சொன்ன காரணத்தையே சொல்பவர் மறுபடி முயல வேண்டும். இதனால் பத்தாவது ஆளுக்கு மேல் பிள்ளைகள் தம்மையறியாமலே பிறர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கத் தொடங்குவார்கள். இறுதிப் பத்து நிமிடத்தில் இன்னொரு விதியைச் சேருங்கள். மனம் மாறியவர் இடம் மாறலாம், ஆனால் யார் சொன்ன எந்தக் காரணத்தால் மாறினார் என்று சொல்லிவிட்டுத்தான் மாற வேண்டும். தன் நண்பன் தன் சொல்லால் சுவர் மாறி வருவதைப் பார்க்கும் பிள்ளைக்கு விவாதம் என்றால் என்னவென்று வேறு விளக்கம் தேவைப்படாது.

இரண்டாம் வாரம்: புகையும் நெருப்பும்

ஒரு வாதத்தின் உறுப்புகளைக் கற்பிக்க நம்மிடம் பழைய எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது. மணிமேகலையின் 29-ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவையைக் கற்பிக்கிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம். புகை இருப்பதால் என்பது ஏது. அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம். இந்த மலையிலும் புகை இருக்கிறது என்பது உபநயம். புகையிருப்பதால் நெருப்பும் இருக்கிறது என்பது நிகமனம். பெயர்களை மாணவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கூற்று, காரணம், எடுத்துக்காட்டு, பொருத்திக்காட்டல், முடிவு என்று எளிய சொற்களில் கரும்பலகையில் எழுதிப் போடலாம்.

தொடக்கநிலை மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது இந்த ஐந்தில் நன்றாகத் தெரியும். கூற்றை எல்லாரும் சொல்வார்கள். எடுத்துக்காட்டுக்கும் பஞ்சமில்லை. காரணமும், எடுத்துக்காட்டை நம் தலைப்போடு பொருத்திக்காட்டும் நான்காவது உறுப்பும்தான் காணாமல் போகும். 'கைப்பேசியால் மாணவர் கெடுகிறார்கள். என் அண்ணன் இரவெல்லாம் விளையாடிக்கொண்டிருக்கிறான்' என்று ஒரு பிள்ளை சொன்னால், அண்ணன் வீட்டில் இரவில் விளையாடுவதற்கும் பகலில் வகுப்பறைக்குள் கைப்பேசியை அனுமதிப்பதற்கும் என்ன தொடர்பு என்று அமைதியாகக் கேளுங்கள். பிள்ளை சற்றுத் திணறி, 'இரவில் தானாக நிறுத்த முடியாதவனால் வகுப்பிலும் நிறுத்த முடியாது' என்று சொல்லக்கூடும். அந்த ஒரு வாக்கியம்தான் பொருத்திக்காட்டல். அதைக் கரும்பலகையில் எழுதி, அதுவரை சொன்னது செய்தி, இதற்குப் பிறகுதான் அது வாதம் என்று காட்டுங்கள்.

பயிற்சிக்கு ஒரு தாளில் ஐந்து கட்டம் போட்டு, இருவர் இருவராக ஒரு வாதத்தை நிரப்பச் சொல்லலாம். நிரப்பிய தாள்களை இணைகளுக்கிடையே மாற்றிக் கொடுத்து, எந்தக் கட்டம் வலுவற்றது என்று மட்டும் குறிக்கச் சொல்லுங்கள். மதிப்பெண் போடச் சொல்லாதீர்கள்; மதிப்பெண் என்றதும் நட்பும் பகையும் உள்ளே வந்துவிடும்.

மூன்றாம் வாரம்: தலைப்பைப் பிரித்துப் பார்த்தல்

பள்ளிச் சுவரைத் தாண்டிய ஒரு தலைப்பை இப்போது எடுத்துக்கொள்ளலாம். 'இந்தியாவில் வாக்களிக்கும் வயதை 16 ஆகக் குறைக்க வேண்டும்' என்பது பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும். ஏனெனில் அது அவர்களைப் பற்றியது. மேலும், இந்த வயது என்றும் மாறாத ஒன்று அன்று. 1988-ஆம் ஆண்டின் 61-ஆவது அரசியலமைப்புத் திருத்தம்தான் 21 ஆக இருந்த வாக்குரிமை வயதை 18 ஆக்கியது. 1989 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரியா 2007-இல் 16 ஆக்கியது. பிரேசிலில் 16, 17 வயதினர் விரும்பினால் வாக்களிக்கலாம், கட்டாயமில்லை.

தலைப்பைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். தலைப்பில் உள்ள சொற்களுக்கு என்ன பொருள்? எல்லாத் தேர்தலுக்குமா, உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டுமா, கட்டாயமா, விருப்பமா என்பதை ஒட்டிப் பேசும் அணியின் முதல் பேச்சாளரே சொல்லிவிட வேண்டும். இரண்டாவதாக, இப்போது என்ன நிலை, அதில் என்ன குறை? மூன்றாவது கேள்விதான் கடினமானது: இந்த விவாதம் உண்மையில் எதைப் பற்றியது? வாக்குரிமை வயது பற்றிய விவாதம் மேலோட்டமாக வயதைப் பற்றியது. உள்ளே இறங்கினால், ஒருவர் தம்மைப் பாதிக்கும் முடிவில் பங்கேற்க என்ன தகுதி வேண்டும் என்பதைப் பற்றியது. அதைக் கண்டுகொண்ட அணிக்குத் தன் காரணங்களை எந்த வரிசையில் வைப்பது என்பது தானாகப் புலப்படும்.

பிறகு வகுப்பு முழுவதும் சேர்ந்து இரு தரப்புக்கும் காரணம் தேட வேண்டும். ஒட்டிப் பேசுவோர், 14 வயது நிறைந்தவர் அபாயமில்லாத தொழில்களில் வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது, உழைக்கும் வயது வந்தவருக்கு அந்த உழைப்பைப் பற்றிய சட்டத்தில் குரல் ஏன் இல்லை என்று கேட்கலாம். வெட்டிப் பேசுவோர், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் செய்யும் ஒப்பந்தமே செல்லாது என்று வைத்திருக்கும் சட்டம், தன் வீட்டை விற்கும் முடிவைத் தராத ஒருவருக்கு நாட்டைப் பற்றிய முடிவை எப்படித் தரும் என்று கேட்கலாம். மக்களவைக்குப் போட்டியிட 25 வயது ஆக வேண்டும் என்ற செய்தியை எந்த அணி பயன்படுத்தும்? வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். வயது வரம்புகள் பொறுப்புக்குத் தக்கவாறு வேறுபடுகின்றன என்று இரு தரப்பும் அதைத் தன் பக்கம் இழுக்க முடியும். செய்தி யார் பக்கமும் தானாகச் சாய்வதில்லை என்று மாணவர்கள் உணரும் தருணம் அது.

ஒட்டியா வெட்டியா என்பதை நாணயம் சுண்டித்தான் முடிவு செய்ய வேண்டும். தனக்குப் பிடித்த பக்கம் கிடைத்த மாணவர் கோபத்தோடு பேசுவார், பிடிக்காத பக்கம் கிடைத்தவர் யோசித்துப் பேசுவார் என்பது என் அனுபவம். நம்பாததைப் பேசச் சொல்வது பொய் சொல்லப் பழக்குவது ஆகாதா என்று பெற்றோர் கேட்பதுண்டு. எதிர்த்தரப்பின் மிக வலுவான காரணம் எது என்று தெரியாமல் தன் தரப்பை நம்புவது என்ன வகை நம்பிக்கை என்று நான் திருப்பிக் கேட்பேன்.

நான்காம் வாரம்: கேட்டு எழுதுதல்

பலர் தாவிவிடும் படி இது. தாவினால் மற்றவையெல்லாம் வீண். சில ஆண்டுகளுக்கு முன் நான் அழைத்துச் சென்ற ஒரு மாணவி, பள்ளிகளுக்கிடையிலான போட்டி ஒன்றில் மிக அழகாகப் பேசினார். எதிரணி கைப்பேசியை வகுப்பறையில் மட்டும் தடை செய்யலாம் என்று முன்பே ஒப்புக்கொண்டிருந்தது. அவரோ எதிரணி முழுத் தடை கேட்கிறது என்று வைத்துக்கொண்டு மூன்று நிமிடம் முழுவதும் அதை அடித்து நொறுக்கினார். கைதட்டல் நிறையக் கிடைத்தது. நடுவர் ஒரு மதிப்பெண் கூடப் பதில் சொன்னதற்காகத் தரவில்லை. அது சரியான தீர்ப்பு. தவறு என்னுடையது, நான் அவருக்குப் பேசத்தான் கற்றுக்கொடுத்திருந்தேன்.

குறிப்புத் தாள் தயாரிக்கும் முறை எளிது. நீளத்தாள் ஒன்றைப் படுக்கவாட்டில் வைத்து, பேச்சாளர் எத்தனை பேரோ அத்தனை நெடுங்கட்டங்களாக மடியுங்கள். ஒட்டிப் பேசுவோரின் சொற்களை நீல மையிலும் வெட்டிப் பேசுவோரின் சொற்களைச் சிவப்பு மையிலும் அவரவர் கட்டத்தில் எழுத வேண்டும். முழு வாக்கியம் எழுதக் கூடாது. ஒரு வாதத்துக்கு நான்கைந்து சொல் போதும். பதில் சொல்லப்பட்ட வாதத்திலிருந்து பதில் இருக்கும் கட்டத்துக்கு ஓர் அம்புக்குறி போட வேண்டும். விவாதம் முடிந்த பிறகு அம்புக்குறி இல்லாமல் தனியே நிற்கும் வாதங்கள்தாம் எதிரணி கவனிக்காமல் விட்டவை.

செய்தித்தாளில் வந்த ஒரு தலையங்கத்தை ஆசிரியர் உரக்கப் படிக்க, மாணவர் அதில் உள்ள காரணங்களை மட்டும் தாளில் குறிப்பது நல்ல பயிற்சி. அடுத்து இருவராகப் பிரிந்து, முதலாமவர் ஒரு வாதம் சொன்னதும் இரண்டாமவர், 'நீங்கள் சொல்வது இதுதானே' என்று தம் சொற்களில் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆம், அதுதான்' என்று முதலாமவர் ஒப்புக்கொண்ட பிறகே பதில் சொல்லத் தொடங்கலாம். முதல் நாள் இதில் பாதிப் பேருக்கு அந்த 'ஆம்' கிடைக்காது. கிடைக்கும் வரை இந்த வாரப் பாடத்தை நீட்டிக்கலாம். ஐந்தாம் வாரம் ஆறாம் வாரமாக நடப்பதில் நட்டம் ஏதுமில்லை.

ஐந்தாம் வாரம்: மறுமொழியின் வகைகள்

மறுப்பு என்றாலே 'இல்லை' என்று சொல்வது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். நன்னூல் நூலாசிரியர்கள் கைக்கொள்ளும் ஏழு வகை மதங்களை, அதாவது கொள்கைகளை, சொல்கிறது: உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல், தான் நாட்டித் தனாது நிறுத்தல், இருவர் மாறுகோள் ஒருதலை துணிதல், பிறர் நூற்குற்றம் காட்டல், பிறிதொடு படாஅன் தன்மதம் கொளல். நூல் எழுதுவோருக்காகச் சொல்லப்பட்டது என்றாலும், விவாத வகுப்புக்கு இதைவிடச் சுருக்கமான பட்டியலை நான் பார்த்ததில்லை. தொடக்கநிலையில் முதல் மூன்று போதும்.

மறுத்தல் எல்லாரும் அறிந்தது: நீங்கள் சொல்லும் காரணம் உண்மையன்று, அல்லது உண்மையானாலும் அதிலிருந்து உங்கள் முடிவு வராது. இவ்விரண்டில் எதைச் சொல்கிறோம் என்பதை மாணவர் பிரித்துச் சொல்லப் பழக வேண்டும். '16 வயதுப் பிள்ளைகள் பெற்றோர் சொல்லும் கட்சிக்கே வாக்களிப்பார்கள்' என்று எதிரணி சொன்னால், அது உண்மையன்று என்று காட்ட ஆதாரம் வேண்டும். குடும்பத்தைக் கேட்டு வாக்களிக்கும் 40 வயதுக்காரரின் வாக்குரிமையை நாம் பறிப்பதில்லையே என்று காட்ட யோசனை போதும். தொடக்கநிலை மாணவருக்கு இரண்டாவதே எளிது, பெரும்பாலும் வலியதும் அதுவே.

உடன்படல் பிள்ளைகளுக்குத் தோல்வியாகத் தோன்றும். 'அனுபவம் குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறோம்' என்று சொல்ல அவர்களுக்கு நா எழாது. ஆனால் எதிரணியின் ஐந்து வாதங்களில் இரண்டுக்கு உடன்பட்டால், எஞ்சிய மூன்றுக்கு முழு நேரமும் கிடைக்கிறது. நேர்மையாகப் பேசுகிறார் என்ற எண்ணமும் அவையில் உண்டாகிறது. எதற்கு உடன்படலாம், எதற்குக் கூடாது என்று பிரித்தறிவதே இதில் உள்ள திறம். தன் அணியின் முடிவு எந்தத் தூணில் நிற்கிறதோ அந்தத் தூணைத் தவிர மற்றவற்றில் தாராளமாக இருக்கலாம்.

மூன்றாவதான பிறர்தம் மதம் மேற்கொண்டு களைதல், மூன்றிலும் அழகானது. எதிரணி சொல்வதை அப்படியே ஏற்றுக்கொண்டு, அதையே நடத்திச் சென்று, அது அவர்கள் முடிவுக்கு வராததைக் காட்டுவது. 'வாக்களிக்க அனுபவம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் முதன்முறை வாக்களிக்கும் 18 வயதுக்காரருக்கும் அந்த அனுபவம் இல்லை. அனுபவம் வாக்களிப்பதால்தான் வருகிறது என்றால், அதை இரண்டாண்டு முன்னதாகத் தொடங்குவதற்கு உங்கள் வாதமே துணை நிற்கிறது.' இந்த முறையில் 'என்று வைத்துக்கொள்வோம்' என்ற தொடரே திறவுகோல். வாரம் முழுவதும் மாணவர்கள் வீட்டிலும் விளையாட்டிலும் அந்தத் தொடரைப் பயன்படுத்தி ஒருவரையொருவர் வம்புக்கு இழுப்பதைக் கேட்டால் பாடம் இறங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

பயிற்சியாக, ஒரே வாதத்தைக் கரும்பலகையில் எழுதி, வகுப்பை மூன்று குழுவாக்கி, ஒவ்வொரு குழுவும் ஒரு வகை மறுமொழியை இரண்டு நிமிடத்தில் உருவாக்க வேண்டும். எல்லா மறுமொழியும் ஒரே வடிவில் அமையட்டும்: அவர்கள் சொன்னது, நாம் சொல்வது, ஏனென்றால், ஆகவே.

பழமொழி சான்றாகுமா?

தமிழ் வகுப்பில் இதைத் தனியே பேசியாக வேண்டும். ஒரு குறளையோ பழமொழியையோ சொல்லிவிட்டால் வாதம் நிறுவப்பட்டுவிட்டது என்ற எண்ணம் நம் மேடைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 'பதறாத காரியம் சிதறாது' என்று ஒருவர் சொன்னால், 'ஆறின கஞ்சி பழங்கஞ்சி' என்று மற்றவர் சொல்ல முடியும். இரண்டும் நம் பழமொழிகள்தாம். பழமொழி ஒரு கருத்தை அவையின் நெஞ்சில் நிறுத்தும், நிறுவாது. பழமொழி சொல்லலாம், ஆனால் காரணம் சொன்ன பிறகு சொல்ல வேண்டும் என்று விதி வைத்தால் சிக்கல் பெருமளவு தீர்ந்துவிடும்.

எண்ணிக்கைகளிலும் எச்சரிக்கை தேவை. 'ஆய்வு ஒன்று 80 விழுக்காடு என்கிறது' என்று ஒரு பிள்ளை சொன்னால், யார் செய்த ஆய்வு, எப்போது, யாரிடம் கேட்டார்கள் என்று கேளுங்கள். விடை இல்லையெனில் அந்த எண்ணைப் பயன்படுத்தக் கூடாது. தான் நேரில் பார்த்த ஒன்றை அளவோடு சொல்வது, எங்கிருந்தோ வந்த எண்ணைவிட மேல்.

ஆறு, ஏழாம் வாரம்: அரங்கேறுதல்

உலகப் பள்ளிகள் விவாதப் போட்டிகளின் அமைப்பில் அணிக்கு மூவர் பேசுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் 8 நிமிடம். இறுதியில் அணிக்கு ஒருவர் 4 நிமிடத் தொகுப்புரை தருகிறார். முதல் நிமிடத்துக்கும் ஏழாம் நிமிடத்துக்கும் இடையே எதிரணியினர் எழுந்து குறுக்குக் கேள்வி கேட்க வாய்ப்பு கோரலாம். தொடக்கநிலை மாணவரை 8 நிமிடம் நிற்க வைத்தால் நான்காம் நிமிடத்திலேயே சொன்னதைத் திரும்பச் சொல்லத் தொடங்குவார். ஆகவே அமைப்பை வைத்துக்கொண்டு நேரத்தைச் சுருக்குங்கள். ஒருவருக்கு 3 நிமிடம், தொகுப்புரைக்கு 2 நிமிடம் என்றால் மொத்தம் 22 நிமிடம் ஆகிறது. முன்னால் 10 நிமிட ஆயத்தமும் பின்னால் 10 நிமிடக் கருத்துரையும் சேர்த்தால் ஒரு பாடவேளைக்குள் முடிந்துவிடும்.

முதல் பேச்சாளர் தலைப்பை வரையறுத்து, அணியின் முக்கியமான இரண்டு காரணங்களை வைக்கிறார். எதிரணியின் முதல்வர் வரையறையை ஏற்கிறாரா என்று சொல்லிவிட்டு, ஒரு நிமிடம் மறுமொழியும் இரண்டு நிமிடம் தம் காரணங்களும் பேசுகிறார். இரண்டாம் பேச்சாளர்கள் பாதி மறுமொழி, பாதி புதிய காரணம். மூன்றாம் பேச்சாளர்கள் புதிய காரணம் எதையும் கொண்டுவரக் கூடாது. அவர்கள் வேலை முழுக்க மறுமொழிதான். அணியில் நன்றாகக் கேட்பவரை மூன்றாமிடத்தில் வையுங்கள். நன்றாகப் பேசுபவரைக் கடைசியில் வைப்பது மேடைப் பழக்கம், இங்கே அது பொருந்தாது. தொகுப்புரையில் வெட்டிப் பேசும் அணி முதலில் பேச, ஒட்டிப் பேசும் அணி முடித்துவைக்கும். குறுக்குக் கேள்வியை ஏழாம் வாரத்தில்தான் சேர்க்க வேண்டும், அதுவும் ஓர் உரைக்கு ஒன்று மட்டும்.

ஆறு பேர் பேசும்போது மற்ற முப்பது பேர் என்ன செய்வது? எல்லாரும் குறிப்புத் தாள் எழுத வேண்டும். மூவர் நடுவர்கள், ஒருவர் நேரக் காப்பாளர். 2 நிமிடத்தில் ஒரு மணி, 3 நிமிடத்தில் இரண்டு மணி. இன்னும் நால்வருக்கு ஆளுக்கொரு பேச்சாளரைப் பின்தொடரும் பொறுப்பைக் கொடுத்து, அவர் விட்டுவிட்ட ஒரு வாதத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். அடுத்த வாரம் பொறுப்புகள் மாறும். கூச்சம் மிகுந்த பிள்ளைகளுக்கு நேரக் காப்பாளர் வேலை நல்ல முதற்படி. அவையின் முன் இருக்க வேண்டும், பேச வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் அங்கேயே ஒளிந்துகொள்ள விடாதீர்கள்.

நடத்தை விதிகளை நீட்டி எழுத வேண்டியதில்லை. மணிமேகலையின் விழாவறை காதையில், வாதிடுவோரைப் பட்டிமண்டபத்தின் முறையறிந்து ஏறச் சொல்லும் அடிகளை அடுத்து, 'பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும் செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்று வருகிறது. பகைவரே ஆனாலும் சினமும் சண்டையும் வேண்டாம் என்பது கருத்து. அந்த அடிகளைக் கரும்பலகையின் மூலையில் எழுதி வைத்தால் போதும். நடைமுறையில் ஒரே ஒரு விதி: வாதத்தைப் பற்றிப் பேசலாம், வாதம் செய்தவரைப் பற்றிப் பேசக் கூடாது. 'அவர் எப்போதும் இப்படித்தான்' என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் நடுவர் அங்கேயே நிறுத்த வேண்டும்.

எட்டாம் வாரம்: மதிப்பிடுதலும் பக்கம் மாறுதலும்

உலகப் பள்ளிகள் போட்டிகளில் ஓர் உரைக்குக் கருத்துக்கு 40, நடைக்கு 40, உத்திக்கு 20 என்று மதிப்பெண் பகுக்கிறார்கள். தொடக்கநிலையில் அதைப் பின்பற்ற வேண்டாம் என்பது என் கருத்து, ஏனெனில் நடையில் தேர்ந்த மேடைப் பிள்ளைகள் அந்த 40-ஐ அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். பத்துக்கு மதிப்பிட்டு, காரணத்துக்கு 4, மறுமொழிக்கு 4, சொல்லும் முறைக்கு 2 என்று வையுங்கள். மாணவ நடுவர்கள் வெற்றி பெற்ற அணியைச் சொல்லும்போது, எந்த வாதம் தங்களைச் சாய்த்தது என்பதைக் குறிப்புத் தாளில் சுட்டிக்காட்ட வேண்டும். 'நன்றாகப் பேசினார்கள்' என்பதைக் காரணமாக ஏற்கக் கூடாது.

ஆசிரியரின் கருத்துரை ஒவ்வொரு பேச்சாளருக்கும் இரண்டு செய்திகளுக்கு மேற்பட வேண்டாம். ஒன்று, அவர் சொன்ன சொற்களையே எடுத்துக் காட்டி, இது ஏன் வேலை செய்தது என்பது. மற்றது, அடுத்த முறை மாற்ற வேண்டிய ஒன்று. உச்சரிப்பு, கை அசைவு, தடுமாற்றம் ஆகியவற்றைப் பொது அவையில் பேசாமல் தனியே சொல்லுங்கள். மறுமொழி சொல்லும்போது திணறித் திணறிப் பேசிய பிள்ளைக்கு, திணறாமல் ஒப்பித்த பிள்ளையைவிடக் கூடுதல் மதிப்பெண் கிடைப்பதை வகுப்பு ஒரு முறையாவது பார்க்க வேண்டும். அதன் பிறகு மனப்பாடத் தாள்கள் பையிலிருந்து வெளியே வருவது தானாகக் குறையும்.

கடைசிப் பாடவேளையில் புதிய தலைப்பு எடுக்காதீர்கள். ஆறாம் வாரத்தில் விவாதித்த அதே தலைப்பை, அதே அணிகளுக்குப் பக்கம் மாற்றிக் கொடுங்கள். அன்றைய குறிப்புத் தாள்களை மாணவர்களே எடுத்துப் பார்க்கட்டும். அன்று தாங்கள் எந்த வாதத்துக்குப் பதில் சொல்ல முடியாமல் தவித்தார்களோ, அதையே இன்று தங்கள் முதல் காரணமாக வைப்பார்கள். ஆயத்தத்துக்கு 10 நிமிடம் கொடுத்துவிட்டு மணியை அடியுங்கள்.